கூட்டல் எங்கே நடக்க வேண்டும்? 28 கிகாஹெர்ட்ஸ் ஃபேஸ்டு அரேக்கு ஒரு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சதுரப் போர்டு, பக்கத்துக்கு 43 மில்லிமீட்டர். ஒரு முகத்தில் எட்டுக்கு எட்டாக 64 பேட்ச் ஆன்டெனாக்கள், மறுமுகத்தில் சிப்கள். 28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10.7 மி.மீ. அதில் பாதியை, அதாவது 5.35 மி.மீ.யை இடைவெளியாக விட்டு ஆன்டெனாக்களை வரிசைப்படுத்தினால் கிடைக்கும் அளவு இது. ஒவ்வொரு ஆன்டெனாவின் அலையையும் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்தி (ஃபேஸைத் திருப்புவது என்பது இதுதான்), எல்லாம் ஒரே திசையில் ஒரு பீமாகக் குவியும்படி செய்வதுதான் ஃபேஸ்டு அரே. 5ஜி மில்லிமீட்டர் அலைக்கு ஒரு சின்ன பேஸ் ஸ்டேஷன் செய்ய உட்காரும் எந்தக் குழுவும் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும் கேள்வி இந்தச் சதுரத்துக்குள் இருக்கிறது: ஒவ்வொரு ஆன்டெனாவின் ஃபேஸையும் எந்த இடத்தில் திருப்புவது?

பாடப்புத்தகம் நான்கு விடை தரும். ஆர்.எஃப். பாதையிலேயே, அதாவது 28 கிகாஹெர்ட்ஸ் சிக்னலிலேயே திருப்பலாம். சிக்னலின் அதிர்வெண்ணை மாற்றும் மிக்ஸருக்கு, அதை இயக்கும் அலையைத் தரும் லோக்கல் ஆஸிலேட்டரில் திருப்பலாம். மிக்ஸர் இறக்கித் தரும் இடைநிலை அதிர்வெண்ணிலோ, அதற்கும் கீழே உள்ள பேஸ்பேண்டிலோ அனலாகாகத் திருப்பலாம். எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிவிட்டு டிஜிட்டலில் திருப்பலாம். நான் இந்தப் பட்டியலை வேறு மாதிரி படிக்கிறேன். ஃபேஸை எங்கே திருப்பினாலும் கணக்கு ஒன்றுதான். மாறுவது, 64 சிக்னல்களும் ஒன்றாகச் சேரும் இடம். கூட்டலுக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் 64 முறை வைக்க வேண்டும், 64 முறை மின்சாரம் கொடுக்க வேண்டும், 64 முறை சூடு தணிக்க வேண்டும். கூட்டலுக்குப் பின்னால் வருவது ஒன்று போதும். ஆனால் ஒருமுறை கூட்டிவிட்டால் பிரிக்க முடியாது. எந்தத் திசையிலிருந்து எது வந்தது என்ற விவரம் அந்த இடத்தோடு போய்விடும். தேர்வு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது.

64 எலிமென்ட் எதற்கு

வடிவமைப்புக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. 28 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டர் வெட்டவெளியில் போகும் சிக்னல் சுமார் 101 டெசிபெல் இழக்கிறது (10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு). ஒற்றை ஆன்டெனாவிலிருந்து 10 டி.பி.எம். (10 மில்லிவாட்) அனுப்பி, ஒற்றை ஆன்டெனாவில் வாங்கினால் கைக்கு வருவது மைனஸ் 91 டி.பி.எம். 400 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் வெப்ப இரைச்சல் மைனஸ் 88. ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சல் (நாய்ஸ் ஃபிகர்) 5 டெசிபெல் என்றால் மைனஸ் 83. சிக்னல் இரைச்சலுக்கு 8 டெசிபெல் கீழே கிடக்கிறது.

இப்போது அனுப்பும் பக்கம் 64 எலிமென்ட் (ஒரு ஆன்டெனாவும் அதன் பின்னால் உள்ள சர்க்யூட்டும் சேர்ந்தது ஒரு எலிமென்ட்), ஒவ்வொன்றிலும் அதே 10 மில்லிவாட். மொத்த சக்தி 64 மடங்கு, அது 18 டெசிபெல். ஒரே திசையில் குவிவதால் இன்னொரு 18. சேர்ந்து 36 டெசிபெல் கூடுகிறது. மைனஸ் 8 என்று இருந்தது பிளஸ் 28 ஆகிறது. ஒரு மரம் குறுக்கே வந்தால், மழை பெய்தால், கண்ணாடி ஜன்னலைக் கடக்க வேண்டியிருந்தால் செலவழிக்க இந்த 28-தான் கையிருப்பு. இந்தியாவில் 2022 ஏலத்தில் விற்ற 26 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கும் (24.25 முதல் 27.5 வரை) இதே கணக்கு, டெசிபெல்லில் சின்ன வித்தியாசத்தோடு பொருந்தும்.

அனுப்பும் பக்கம் எலிமென்டின் எண்ணிக்கை வர்க்கமாக (64 × 64) வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் ஒரு கேள்வி வருகிறது: குறைந்த எலிமென்டில் பெரிய பவர் ஆம்ப் (அனுப்பும் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வைப்பதா, நிறைய எலிமென்டில் சின்ன பவர் ஆம்ப் வைப்பதா? திசையில் கிடைக்கும் மொத்த சக்தியை மாற்றாமல் வைத்துக்கொண்டு மின்செலவை மட்டும் குறைக்கப் பார்த்தால், விடை அழகாக வருகிறது. ஒரு எலிமென்டில் பவர் ஆம்ப் தின்னும் மின்சாரமும் அந்த எலிமென்டின் மற்ற பொருள்கள் எல்லாம் சேர்ந்து தின்னும் மின்சாரமும் சமமாகும் எண்ணிக்கைதான் மிகச் சிக்கனமானது. நிறைய இடங்களில் எலிமென்ட் எண்ணிக்கையை ஆன்டெனாக் குழுவும் வடிவமைப்பை சிப் குழுவும் தனித்தனியாக முடிவு செய்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே முடிவு. ஒவ்வொரு எலிமென்டிலும் மிக்ஸர், ஏ.டி.சி. (சிக்னலை எண்ணாக மாற்றும் சர்க்யூட்) என்று ஏற்றினால் "மற்ற பொருள்கள்" கனத்துவிடும், குறைந்த எலிமென்டும் பெரிய ஆம்பும் சரியாகும். எலிமென்டை ஒல்லியாக வைத்தால் எண்ணிக்கையைக் கூட்டலாம்.

ஆர்.எஃப். பாதையில் திருப்புவது

இதில் ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் ஒரு பவர் ஆம்ப், ஒரு எல்.என்.ஏ. (வாங்கும் சிக்னலைக் குறைந்த இரைச்சலோடு பெருக்கும் ஆம்ப்), இரண்டுக்கும் நடுவில் மாற்றும் ஸ்விட்ச், ஒரு ஃபேஸ் ஷிஃப்டர், ஒரு கெயின் (எவ்வளவு பெருக்குவது) கட்டுப்பாடு. அவ்வளவுதான். பிறகு 28 கிகாஹெர்ட்ஸிலேயே எல்லாம் சேர்ந்து ஒரே மிக்ஸருக்குப் போகின்றன. மேலே சொன்ன பொருளில் எலிமென்ட் மிக ஒல்லியாக இருப்பது இதில்தான். சந்தையில் கிடைக்கும் 28 கிகாஹெர்ட்ஸ் பீம்ஃபார்மர் சிப்களில் பெரும்பாலானவை இந்த வகை.

இதன் மேல் வைக்கும் முதல் குற்றச்சாட்டு இழப்பு. மின்சாரம் தின்னாத பேசிவ் ஃபேஸ் ஷிஃப்டர் 28 கிகாஹெர்ட்ஸில் 6 முதல் 9 டெசிபெல் வரை விழுங்கும். 64-ஐ ஒன்றாக்க இரண்டிரண்டாகச் சேர்க்கும் ஆறு படிகள் வேண்டும். படிக்கு அரை டெசிபெல் என்று வைத்தாலும் அங்கே 3 போகிறது. கேட்டதும் பயமாக இருக்கும். ஆனால் எல்.என்.ஏ.க்குப் பின்னால்தான் இந்த இழப்பு வருகிறது. எல்.என்.ஏ.யின் நாய்ஸ் ஃபிகர் 4 டெசிபெல், கெயின் 20 டெசிபெல் என்று எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதன் பின்னால் 8 டெசிபெல் இழப்பு வந்தால் மொத்த நாய்ஸ் ஃபிகர் கூடுவது 0.1 டெசிபெல்லைத் தாண்டாது. அதற்கும் அப்பால் வரும் மிக்ஸரின் இரைச்சலை 64 எலிமென்டுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஏனென்றால் அது கூட்டலுக்குப் பிறகு வருகிறது. ஆகவே ரிசீவரில் இந்த இழப்பு பெரிய விஷயமே இல்லை. டிரான்ஸ்மிட்டரில்தான் வலிக்கும். அங்கே பிரிக்கும் மரத்தில் கீழே இறங்கி வரும்போது சிக்னலைத் தாங்கிப் பிடிக்க வழியெல்லாம் ஆம்ப் வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது குற்றச்சாட்டு எனக்குக் கனமானதாகப் படுகிறது. ஃபேஸைத் திருப்பினால் கெயினும் கூடவே ஆடும். கெயினைச் சரிசெய்யப் போனால் ஃபேஸ் நகரும். ஒன்றையொன்று துரத்தும். இதற்காகவே ஒவ்வொரு எலிமென்டுக்கும் அளவீட்டு அட்டவணை போட்டுத் திருத்த வேண்டிய நிலை வரும். 2017-ல் ஐ.பி.எம்.மும் எரிக்சனும் சேர்ந்து ஐ.எஸ்.எஸ்.சி.சி. என்ற சிப் மாநாட்டில் காட்டிய 28 கிகாஹெர்ட்ஸ் சிப் இந்த இடத்தில்தான் கவனம் வைத்தது. ஒரு சிலிக்கான்-ஜெர்மேனியம் சிப்பில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் 32 டிரான்ஸீவர் எலிமென்ட், நான்கு சிப்கள் ஒரே பேக்கேஜில், 64 இரட்டைத் துருவ (அலையின் இரண்டு அதிர்வுத் திசையிலும் இயங்கும்) ஆன்டெனாக்கள், ஒரே நேரத்தில் இரண்டு பீம், 1.4 டிகிரி நுணுக்கத்தில் திருப்பம். ஃபேஸ் ஒரு குமிழ், கெயின் இன்னொரு குமிழ், ஒன்றைத் திருகினால் மற்றது அசையாது என்பதுதான் அந்த வடிவமைப்பின் உயிர். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் கேப்ரியல் ரெபெய்ஸ் குழு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. 2×2 என்ற சின்னச் சிப்கள், அவற்றைச் சமச்சீராக அடுக்கிய 64 எலிமென்ட் போர்டு, 300 மீட்டரில் வினாடிக்கு 8 முதல் 12 கிகாபிட். அளவீட்டுத் திருத்தம் எதுவும் செய்யாமல். போர்டில் எல்லாப் பாதையும் ஒரே நீளமாக இருந்தால் திருத்தத்துக்கு அவசியம் குறைவு என்பதை அவர்கள் செய்தே காட்டினார்கள்.

"ஒரே நீளம்" என்பது எவ்வளவு கறாரான வார்த்தை என்பதை ஒரு போர்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது. எதிரொலிப்பு இல்லாத அளவீட்டு அறையில், அதாவது சேம்பரில் வைத்து நேராகப் பார்க்கும் பீமை அளந்துகொண்டிருந்தோம். (இந்த அளவு அரேக்குப் பெரிய சேம்பர் தேவையில்லை. மூலைவிட்டம் 60 மி.மீ., பீமை நம்பி அளக்கக்கூடிய தூரக்களம் முக்கால் மீட்டருக்குள் ஆரம்பித்துவிடும்.) முக்கிய பீம் சரியாக இருந்தது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் முதல் பள்ளம் (சிக்னல் மறைய வேண்டிய திசை) தூர்ந்துபோய், பக்கத்து மடல் (வேண்டாத திசையில் கசியும் சின்ன பீம்) உப்பியிருந்தது. இரண்டு நாள் சிப்பைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு எலிமென்டாகத் தட்டிப் பார்த்தபோது ஒரு மூலையில் உள்ள நான்கு மட்டும் 23 டிகிரி விலகி நின்றன. லேஅவுட்டைத் திறந்தால், அந்த மூலையில் ஒரு திருகுத் துளைக்கு இடம்விட்டுப் பாதை வளைந்து போயிருந்தது. கூடுதல் நீளம் 0.4 மி.மீ. போர்டின் பொருளுக்குள் அலைநீளம் 6 மி.மீ. சொச்சம்தான். 5 பிட் ஃபேஸ் ஷிஃப்டரின் ஒரு படி 11.25 டிகிரி, அது போர்டில் 0.2 மி.மீ. துளை வைத்தவர் தவறே செய்யவில்லை, அவருக்கு அந்த எண்ணை யாரும் சொல்லியிருக்கவில்லை. அட்டவணையில் அந்த நான்குக்கும் இரண்டு படி கழித்தோம், பள்ளம் திரும்பி வந்தது.

படிகளைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பிட் ஃபேஸ் ஷிஃப்டர் என்பதில் தேவைக்கு மேல் கவலைப்படுகிறோம். 4 பிட்டில் படி 22.5 டிகிரி, சராசரிப் பிழை 6.5 டிகிரி. இதனால் முக்கிய பீம் இழப்பது 0.06 டெசிபெல்கூட இல்லை. பக்க மடல்களில் 64 எலிமென்டுக்கு மைனஸ் 37 டெசிபெல் மட்டத்தில் ஒரு தூசு படியும். எல்லா எலிமென்டுக்கும் ஒரே சக்தி தரும் சீரான ஊட்டலில் பக்க மடல் எப்படியும் மைனஸ் 13-ல் நிற்கிறது. 5 பிட் போதும். ஆறாவது பிட்டுக்குப் போகும் உழைப்பைப் பாதை நீளத்தில் போடுங்கள்.

பேசிவா, வெக்டர் மாடுலேட்டரா என்பது இதற்குள்ளேயே ஒரு கிளைக் கேள்வி. வெக்டர் மாடுலேட்டர் சிக்னலை இரண்டு செங்குத்துப் பாகமாக்கி வேண்டிய விகிதத்தில் கலக்கும். கெயின் தரும், இடம் குறைவு, ஆனால் மின்சாரம் வேண்டும், ஒரு திசையில்தான் போகும். பேசிவ் வகை இரண்டு திசையிலும் போகும். 5ஜி மில்லிமீட்டர் அலை முழுவதும் டி.டி.டி., அதாவது அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அதிர்வெண்ணில் மாறி மாறி. ஆகவே ஒரே பேசிவ் ஃபேஸ் ஷிஃப்டரை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். பேஸ் ஸ்டேஷனுக்கு என் ஓட்டு பேசிவ் வகைக்கு, முக்கியமாக அதன் நேர்கோட்டுத் தன்மைக்காக, அதாவது பலமான சிக்னலையும் சிதைக்காததற்காக.

லோக்கல் ஆஸிலேட்டரில் திருப்புவது

சிலிக்கானில் ஃபேஸ்டு அரே முளைத்ததே இந்த வழியில்தான். 2004-ல் கால்டெக்கில் அலி ஹஜிமிரி குழு 24 கிகாஹெர்ட்ஸில் எட்டு எலிமென்ட் ரிசீவரை ஒரே சிப்பில் செய்தது. ஒரே ஆஸிலேட்டர் 16 ஃபேஸ்களை உண்டாக்கும், ஒவ்வொரு எலிமென்டும் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். அடுத்து வந்த 24 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரிலும் 77 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸீவரிலும் பங்கெடுத்த அருண் நடராஜன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் போனவர்.

இதன் அழகு, சிக்னல் போகும் பாதையில் ஃபேஸ் ஷிஃப்டரே இல்லாமல் போவது. மிக்ஸரை இயக்கும் அலை ஸ்விட்சைத் தட்டும் கை மாதிரி. போதுமான பலத்தோடு தட்டினால் போதும், கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சிக்னலின் கெயின் மாறாது. ஆக, ஃபேஸைத் திருப்பும்போது கெயின் ஆடும் தொல்லை அடியோடு ஒழிகிறது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் கெனிச்சி ஒகாடா குழு 28 கிகாஹெர்ட்ஸில் 65 நானோமீட்டர் சிமாஸில் (வழக்கமான டிஜிட்டல் சிப் தொழில்நுட்பம்) இந்த வழியை எடுத்து, ஃபேஸைத் திருப்பினாலும் கெயின் அசையாததையே முன்னிறுத்தியது. நுணுக்கமான ஃபேஸும், திருத்தம் தேவைப்படாத கெயினும் வேண்டும் என்பவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி.

விலை எங்கே? கூட்டல் மிக்ஸருக்குப் பின்னால் நகர்ந்துவிட்டது. 64 மிக்ஸர். அவை ஒவ்வொன்றுக்கும் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடும் ஆஸிலேட்டர் சிக்னலைச் சிப் முழுவதும், பிறகு பல சிப்களுக்கும், ஃபேஸ் பிசகாமல் கொண்டுசேர்க்க வேண்டும். பதினாறு எலிமென்ட் வரை இது கௌரவமாக நடக்கும். 64-க்குப் போகும்போது விநியோக மரமே தனி அரே மாதிரி வளர்ந்து, மின்சாரத்தையும் இடத்தையும் கேட்கும். இன்னொன்றும் உண்டு. வேறு திசையிலிருந்து பலமான குறுக்கீடு வந்தால், ஆர்.எஃப். கூட்டலில் மிக்ஸருக்கு முன்பே பீம் அதைத் தள்ளிவிடும். இங்கே ஒவ்வொரு மிக்ஸரும் அந்த அடியை முழுசாக வாங்கும். ஒரே கம்பத்தில் இரண்டு நிறுவனங்களின் கருவிகள் நிற்கும் இடத்தில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை இல்லை.

இடைநிலை அதிர்வெண்ணில் திருப்பும் வழிக்கும் இதே 64 மிக்ஸர், இதே விநியோகம், இதே குறுக்கீடு. அதிர்வெண் தாழ்ந்திருப்பதால் ஃபேஸ் ஷிஃப்டரை வடிவமைப்பது சுலபம், அதன் பாகங்கள் பெரியவை. 28 கிகாஹெர்ட்ஸில் இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

முழு டிஜிட்டல்

எல்லோருக்கும் மனசுக்குள் பிடித்த விடை இதுதான், எனக்கும். ஒவ்வொரு ஆன்டெனாவின் சிக்னலும் எண்ணாகக் கையில் கிடைத்துவிடுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை பீம் வேண்டுமானாலும் போடலாம், ஒவ்வொரு சப்கேரியருக்கும் (சேனலைப் பிரித்து அமைக்கும் குட்டி அலை) தனி எடை கொடுக்கலாம். 0.4 மி.மீ. வளைந்த பாதையைக்கூடச் சேனல் கணிப்பு (வழியில் சிக்னல் எப்படி மாறியது என்று அளந்து திருத்துவது) தானாகவே விழுங்கிவிடும், யாரும் சேம்பரில் இரண்டு நாள் தேட வேண்டியதில்லை.

3.5 கிகாஹெர்ட்ஸில் இந்தப் போட்டி முடிந்துவிட்டது. அங்கே ஆன்டெனா இடைவெளி 43 மி.மீ., சேனல் 100 மெகாஹெர்ட்ஸ். 64டி64ஆர் (64 அனுப்பும் பாதை, 64 வாங்கும் பாதை) என்று கம்பத்தில் தொங்கும் மாசிவ் மைமோ பெட்டிக்குள், ஆன்டெனாவிலிருந்து எண் வரை 64 முழுச் சங்கிலிகள் ஓடுகின்றன. நம்முடைய 28 கிகாஹெர்ட்ஸ் அரே முழுவதையும் அந்தப் பெட்டியின் ஒரு ஆன்டெனா இடைவெளிக்குள் வைத்துவிடலாம். அதே 64 சங்கிலிகளை இந்த இடத்துக்குள் திணித்து, நான்கு மடங்கு அகலச் சேனலையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

வழக்கமாக ஏ.டி.சி.யைத்தான் குற்றம் சொல்வார்கள். கணக்குப் பார்ப்போம். வினாடிக்கு 100 கோடி மாதிரி எடுக்கும், நிஜத்தில் 8 பிட் தரும் ஏ.டி.சி., ஒரு படிக்கு 50 ஃபெம்டோஜூல் செலவு என்றால் 13 மில்லிவாட். எலிமென்டுக்கு இரண்டு வீதம் 128 ஏ.டி.சி. வைத்தாலும் 1.7 வாட்டுக்குள். தாங்கக்கூடியதுதான். எலிமென்ட் அளவில் சிக்னல் இரைச்சலுக்குள் கிடப்பதால் பிட் எண்ணிக்கையை இன்னும் குறைக்கலாம், எண்ணாக மாற்றும்போது சேரும் குவாண்டைசேஷன் இரைச்சலும் 64-க்குப் பங்காகும். சுவர் ஏ.டி.சி.யில் இல்லை, அதற்கு அடுத்த அடியில் இருக்கிறது. 400 மெகாஹெர்ட்ஸ் 5ஜி சேனலுக்கு 491.52 மெகா மாதிரி (சப்கேரியர் இடைவெளி 120 கிலோஹெர்ட்ஸ், 4096 புள்ளி எஃப்.எஃப்.டி.). 64 எலிமென்ட், ஐ-யும் க்யூ-வும் (சிக்னலின் இரண்டு செங்குத்துப் பாகங்கள்), 12 பிட். பெருக்கினால் வினாடிக்கு 755 கிகாபிட். இந்த வெள்ளத்தை ஓரிடத்துக்குக் கொண்டுவர, வினாடிக்கு 32 கிகாபிட் ஓடும் இணைப்புகள் இரண்டு டஜன் வேண்டும். பிட்டுக்கு 5 பிகோஜூல் என்றால் நகர்த்துவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 4 வாட். இரட்டைத் துருவம் என்றால் எல்லாம் இரண்டு மடங்கு. கூட்டலைக் கடைசிவரை தள்ளிப்போட்டதற்கான வாடகை இது.

இந்த வெள்ளத்தைச் சிப்புக்குள்ளேயே, ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே கூட்டிக் குறைக்க முடிந்தால் நிலைமை மாறும். அந்தத் திசையில் போகும் வேலைகளை நான் ஆவலோடு பார்க்கிறேன். இன்றைக்கு 43 மி.மீ. சதுரத்துக்கு, விசிறி இல்லாத பெட்டிக்கு, நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பீமை மாற்ற எவ்வளவு நேரம்

அனலாக் கூட்டலை எடுத்தால் கூடவே வரும் ஒரு கடமை உண்டு, கட்டுரைகளில் இதற்கு இடம் குறைவு. ஒரு நேரத்தில் ஒரு திசைதான் பார்க்க முடியும். புதிதாக வரும் போனைத் தேட, பேஸ் ஸ்டேஷன் வரிசையாகத் திசை திசையாகக் கூப்பிட வேண்டும். இந்தப் பட்டைகளில் 5ஜி தரநிலை ஒரு சுற்றுக்கு 64 திசை வரை அனுமதிக்கிறது, சுற்று வழக்கமாக 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை. டிஜிட்டல் ரிசீவர் எல்லாத் திசையையும் ஒரே வீச்சில் கேட்டுவிடும். அனலாகுக்கு அந்த வசதி இல்லை, அதனால் பீமை மாற்றும் வேகமாவது இருக்க வேண்டும்.

120 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு சிம்பலுக்கு (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் துண்டு) 8.9 மைக்ரோவினாடி, அதில் முன்னால் வரும் சைக்ளிக் பிரிஃபிக்ஸ் என்ற பாதுகாப்பு இடைவெளி 0.59 மைக்ரோவினாடி. பீம் மாற்றம் இந்த 0.59-க்குள் முடிய வேண்டும், அதையும் முழுசாகத் தின்றுவிடக் கூடாது. இப்போது எலிமென்டுக்கு 5 பிட் ஃபேஸ், 6 பிட் கெயின் என்று 64 எலிமென்டுக்கு 704 பிட். சிப்புக்குக் கட்டளை போகும் 50 மெகாஹெர்ட்ஸ் எஸ்.பி.ஐ. கம்பியில் இதை எழுத 14 மைக்ரோவினாடி. ஒரு சிம்பலே போய்விடும். ஆகவே பீம்களைச் சிப்புக்குள் முன்கூட்டியே எழுதிவைக்கும் நினைவகமும், "இப்போது மாறு" என்று தட்ட ஒரு தனிக் கம்பியும் இருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். வெளியீட்டு சக்தியைப் பார்ப்பதற்கும் முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்.

நேரத் தாமதம் தேவையா

ஃபேஸைத் திருப்புவது தாமதத்துக்கு ஒரு மாற்று வேடம்தான். ஒரு அதிர்வெண்ணில் சரியாக இருக்கும், மற்றதில் பீம் கொஞ்சம் நகரும். 60 டிகிரி திருப்பிய பீம், 400 மெகாஹெர்ட்ஸ் சேனலின் ஓரத்தில் 0.7 டிகிரி விலகும். 8×8 அரேயின் பீம் அகலம் அந்தத் திருப்பத்தில் 25 டிகிரி. கண்டுகொள்ளவே வேண்டாம். ஆனால் 26.5 முதல் 29.5 வரை முழுப் பட்டைக்கும் ஒரே அட்டவணையை வைத்தால் பீம் 66 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் நடுவில் அலையும். கேரியருக்கு ஒரு அட்டவணை வைத்தால் தீர்ந்தது. உண்மையான தாமதக் கோடு இந்த அளவு அரேயில் இடத்துக்குப் பிடித்த கேடு. பல நூறு எலிமென்டும் பல கிகாஹெர்ட்ஸ் அகலமும் ஒன்றாக வரும்போது திரும்பி வருவோம்.

நான் எடுக்கும் முடிவு

64 எலிமென்ட் பேஸ் ஸ்டேஷனுக்கு ஆர்.எஃப்.பில் திருப்பிக் கூட்டுவேன், ஆனால் ஒரே புள்ளி வரை கூட்ட மாட்டேன். 4×4 ஆக நான்கு துண்டு, துண்டுக்கு ஒரு மிக்ஸர், ஒரு ஜோடி ஏ.டி.சி. டிஜிட்டலுக்கு வருவது 755 அல்ல, 47 கிகாபிட். நான்கு பேரிடம் நான்கு திசையில் ஒரே நேரத்தில் பேசலாம். ஒவ்வொரு துண்டுக்கும் பீம் இரண்டு மடங்கு அகலமாகும், வாங்கும் பக்கம் 6 டெசிபெல் குறையும், அனுப்பும் பக்கம் 12. தூரத்தில் ஒருவர் மட்டும் இருந்தால் நான்கு துண்டையும் டிஜிட்டலில் சேர்த்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஹைப்ரிட் என்று இதற்குப் பெயர். சமரசம் என்று இதைக் கொஞ்சம் இளப்பமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துண்டுக்குள் இருக்கும் 16 எலிமென்டும் எப்படியும் ஒரே ஆளைத்தான் பார்க்கப் போகின்றன என்று தெரிந்தால் அவற்றை முன்னாலேயே கூட்டுவதில் இழப்பு எதுவும் இல்லை.

வீட்டுக் கூரையில் வைத்து இணைய இணைப்பு வாங்கும் பெட்டிக்கு இந்தத் துண்டும் தேவையில்லை. அது பார்க்க வேண்டியது ஒரே கோபுரத்தை, துருவத்துக்கு ஒரு சங்கிலி போதும். போனுக்கு இன்னும் குறைவு: நான்கு எலிமென்ட் வரிசை, கை மறைத்தால் மாறிக்கொள்ள வேறு ஓரத்தில் இன்னொன்று. எட்டு, பதினாறு எலிமென்டில் அளவீட்டுக் கருவியோ ஆராய்ச்சி மாதிரியோ செய்கிறவர்கள் லோக்கல் ஆஸிலேட்டர் வழியைத் தாராளமாக எடுக்கலாம். மாணவர்களுக்கு அதைத்தான் சொல்வேன், ஃபேஸும் கெயினும் பிரிந்து நிற்பதால் எங்கே எது தவறியது என்று கண்ணால் பார்க்க முடியும்.

சிப் எந்தப் பொருளில் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சிலிக்கான்-ஜெர்மேனியம் சிமாஸைவிட உயர்ந்த மின்னழுத்தம் தாங்கும், பவர் ஆம்ப் நிம்மதியாக இருக்கும். சிம்பலுக்கு 256 நிலை கொண்ட 256-க்யூ.ஏ.எம். அனுப்ப ஈ.வி.எம். (சிக்னல் சிதைவின் அளவு) 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பல சப்கேரியர்களைச் சேர்த்து அனுப்பும் ஓ.எஃப்.டி.எம்.மின் உச்சங்களுக்காக ஆம்பை உச்சத்திலிருந்து 9, 10 டெசிபெல் இறக்கி ஓட்ட வேண்டும். அங்கே இந்த நிம்மதி காசாகும். டிஜிட்டலையும் அதே சிப்பில் கொண்டுவர வேண்டுமென்றால், போன் மாதிரி லட்சக்கணக்கில் விற்க வேண்டுமென்றால் சிமாஸ். எலிமென்டுக்கு வாட் கணக்கில் வேண்டும் என்றால்தான் காலியம் நைட்ரைடு. நம்முடைய 10 மில்லிவாட்டுக்கு அது வேண்டாம்.

அந்த 10 மில்லிவாட்டையும் ஒருமுறை சூடாகப் பார்த்துவிடுங்கள். இறக்கி ஓட்டும் ஆம்பின் திறன் 10 சதவீதம் என்றால் அதற்கே 100 மில்லிவாட், எலிமென்டின் மற்ற பாகங்களுக்கு இன்னொரு 80, 100. முன்னால் சொன்ன சமநிலைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம். 64-க்கு 12 வாட்டைத் தொடுகிறது. முன்முகம் முழுவதும் ஆன்டெனா, அங்கே உலோகம் வைக்க முடியாது. சூடு போக ஒரே வழி சிப்பின் முதுகு. போர்டைத் திருகி ஹீட்சிங்கோடு இறுக்கிப் பிடிக்கத்தான் அந்த மூலையில் துளை போட்டிருந்தார்கள். அடுத்த பதிப்பில் துளை அங்கேயே இருந்தது, மற்ற மூன்று மூலைகளிலும் பாதையை அதே 0.4 மி.மீ. வளைத்து, நடுவில் உள்ளவற்றுக்கும் அதே நீளத்தைச் சேர்த்துவிட்டோம்.